தலைக்கு மேல் எம் 5: ஆறு அங்குல நியூட்டன் தொலைநோக்கி பற்றிய ஒரு மதிப்பீடு

குழாயை வாங்கலாம், குழாயோடு சேர்த்து ஒரே தொகுப்பாக விற்கப்படும், அதைத் தாங்கித் திருப்பும் மவுண்ட்டைச் சிங்கப்பூரில் குடியிருப்பவர் வாங்கக் கூடாது. இரண்டு ஆண்டுக் காலம், மழை விட்ட இரவுகளில் இந்தத் தொலைநோக்கியை ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்திற்கு மின்தூக்கியில் ஏற்றிச் சென்று, எம் 5 போன்ற கோளக் கொத்துகளை, அதாவது உருண்டையாக நெருங்கிக் கூடிய விண்மீன் கூட்டங்களை, மட்டுமே படம் எடுத்துப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. 150 மில்லிமீட்டர் விட்டமும் 750 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட இவ்வகைக் குழாய்கள் தைவானிலும் சீனாவிலும் உள்ள சில ஆலைகளில் உருவாகி, வெவ்வேறு முத்திரைப் பெயர்களோடும் வண்ணங்களோடும் கடைக்கு வருகின்றன. ஆகவே இங்கே சொல்பவை பெரும்பாலும் அந்த வகை முழுமைக்கும் பொருந்தும்.

சிங்கப்பூரில் போய்த் தொலைநோக்கி வாங்குவதா என்று கேட்பவர்களின் ஐயம் நியாயமானதே. செயற்கை ஒளியால் இரவு வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை உலகம் முழுவதற்கும் கணக்கிட்டு 2016-இல் வெளியான வரைபடத் தொகுப்பு, கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் மக்கள் அனைவருமே வாழும் நாடு என்று சிங்கப்பூரைக் காட்டியது. ஈசூனில் சித்திரை, சுவாதி, கேட்டை போன்ற பெரிய நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பால்வீதியைப் பார்க்க வேண்டுமென்றால் விமானச்சீட்டு எடுக்க வேண்டும். இந்த வானத்தில் மங்கலான விண்முகில்களை (விண்வெளியின் வாயு, தூசு மேகங்களை) படம் எடுக்க முயல்வது, மின்விளக்குகளை அணைக்காமல் சுவரில் திரைப்படம் ஓட்டுவதைப் போன்றது. கோளக் கொத்தின் கதை வேறு. அதில் உள்ள ஒவ்வொரு விண்மீனும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியின் ஒளியைத் தொலைநோக்கி கேமராவின் ஒருசில படப்புள்ளிகளுக்குள் குவித்துவிடுகிறது; வானத்தின் வெளிச்சமோ எல்லாப் படப்புள்ளிகளிலும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. கண்ணாடியின் விட்டம் மாறாமல் குவியத் தொலைவு மட்டும் கூடினால், ஒரு படப்புள்ளி பார்க்கும் வானத்துண்டு சிறிதாகி அதில் விழும் வான வெளிச்சமும் குறைகிறது. காற்று அசையாமல் இருக்கும் வரை விண்மீனின் ஒளி மட்டும் அவ்வளவாகக் கரைவதில்லை. சிறிய லென்ஸ்களை விட்டு 750 மில்லிமீட்டர் குழாய்க்கு நான் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இடமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. ஈசூன் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 1.4 பாகை வடக்கே இருக்கிறது. நமது பால்வீதியில் அறியப்பட்ட 150-க்கும் மேற்பட்ட கோளக் கொத்துகளில் ஏறக்குறைய எல்லாமே ஆண்டின் ஏதோ ஒரு பொழுதில் நம் அடிவானத்திற்கு மேலே வந்து போகின்றன. இலண்டனில் இருப்பவருக்கு, இருப்பவற்றிலேயே பெரிதும் பிரகாசமானதுமான ஒமேகா சென்டாரி உதிப்பதே இல்லை. ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி அதைக் கண்டு குறித்தது 1677-இல், தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினாத் தீவுக்குக் கப்பலேறிப் போன பிறகுதான். வடவானத்தின் புகழ்பெற்ற எம் 13 கொத்தை (எம் என்பது மெஸ்ஸியே என்பவரின் பட்டியல் எண்) அவர் கண்டது 1714-இல். இரண்டும் கிடைக்க அவருக்கு ஒரு கடற்பயணம் தேவைப்பட்டது; மே மாத நள்ளிரவில் ஈசூனிலிருந்து பார்த்தால் தெற்கே ஒன்றும் வடகிழக்கே மற்றொன்றுமாக இரண்டும் ஒரே வானத்தில் நிற்கின்றன. போதாக்குறைக்கு, மேல்வானத்தின் வேகமான காற்றோட்டங்கள் நடுக்கோட்டுப் பகுதியிலிருந்து தொலைவில் இருப்பதால், முகில் விலகிய இரவுகளில் நம் வானத்தில் விண்மீன்கள் அதிகம் துடிப்பதில்லை. நெருக்கமான கொத்தின் நடுவே இரண்டு விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட இது பெரிய உதவி.

இனிக் குழாய். வளைந்த முதன்மைக் கண்ணாடி அடியிலும், ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சிறிய தட்டைக் கண்ணாடி மேலேயும் உள்ள பழைய நியூட்டன் அமைப்புதான். கண்ணாடியின் வேலைப்பாட்டில் எனக்குக் குறையில்லை. குவியத்தின் இருபுறமும் ஒரு விண்மீனை மங்கலாக்கிப் பார்க்கும் சோதனையில் வளையங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்தன. இந்த விலையில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபோது இரண்டு கண்ணாடிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவில்லை. சாய்வுத் திருகுகளை லேசர் கருவியை வைத்துத் திருத்த முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆயிற்று. இப்போது ஐந்து நிமிடத்தில் முடிகிறது. எஃப்/5 குழாயில், அதாவது குவியத் தொலைவு விட்டத்தைப்போல் ஐந்து மடங்கான குழாயில், இந்த நேர்த்தி கொஞ்சம் பிசகினாலும் கொத்தின் ஒரு பக்க விண்மீன்கள் கூராகவும் மறுபக்க விண்மீன்கள் வால் முளைத்தும் விழும். சரியாக நேராக்கிய குழாயிலும் படத்தின் ஓரங்களில் விண்மீன்கள் வால்நட்சத்திரம்போல் நீளத்தான் செய்யும். அது கண்ணாடியின் குறையன்று, வளைவின் இயல்பு. அதைத் திருத்தும் லென்ஸ் தொகுதியைத் தனியே வாங்க வேண்டும் என்பதை விளம்பரத்தில் எங்கோ மூலையில் போட்டிருந்தார்கள்.

குவியத்தைச் சரிசெய்யும் குமிழ் இரட்டை வேகம் கொண்டது. மெதுவான குமிழ் பத்தில் ஒரு பங்கு அசைகிறது. எஃப்/5-இல் கூர்மை நிற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஏழு பங்குக்குள் அடங்கிவிடுவதால், இந்த மெதுவான குமிழ் இல்லாமல் கோளக் கொத்தைப் படம் எடுக்கவே முடியாது. குளிர்நாடுகளில் இரவு ஏற ஏறக் குழாய் சுருங்கிக் குவியம் நகர்ந்துகொண்டே போகும் என்று எச்சரிப்பார்கள். நம் ஊரில் மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையே வெப்பம் இரண்டு மூன்று பாகைதான் குறைகிறது. குவியத்தைச் சரிபார்க்க உதவும் வரித்தட்டான பஹ்டினோவ் முகமூடியைக் குழாயின் வாயில் மாட்டி ஒருமுறை கூர்மையாக்கினால், அநேகமாக விடியும் வரை தொட வேண்டியதில்லை. வெப்பமண்டலத்தில் வாழ்வதற்கு வானியல் தரும் சன்மானம் என்று இதை வைத்துக்கொள்ளலாம்.

சன்மானத்தோடு தண்டமும் உண்டு. முதல் வாரம் குழாயைக் குளிரூட்டிய படுக்கையறையில் வைத்திருந்து, நேராக மேல்தளத்திற்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். கண் எதிரிலேயே கண்ணாடி முழுவதும் வியர்த்துப் போனது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வரும்போது நடப்பதுதான். 150 மில்லிமீட்டர் விட்டத்தில் நடக்கிறது. அது தானாக உலர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. துணியால் துடைத்தால் கண்ணாடியின் மேற்பூச்சு கீறிவிடும். அன்றிலிருந்து குழாய் வரவேற்பறையில், மின்விசிறிக்குக் கீழேதான் கிடக்கிறது. இரவின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது முதன்மைக் கண்ணாடி குழாயின் ஆழத்தில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. மேலே இருக்கும் சிறு கண்ணாடியும், மவுண்ட்டின் ஓட்டத்தைக் கண்காணிக்கப் பக்கத்தில் பொருத்தும் சிறிய வழிகாட்டிக் குழாயின் லென்ஸும் பனித்துவிடுகின்றன. அவற்றுக்குச் சூடேற்றும் பட்டைகள் தேவை. திருத்தும் லென்ஸ் தொகுதியையும் கேமராவையும் நான் உலர்பெட்டியில் வைக்கிறேன். இங்கே லென்ஸுக்குள் பூஞ்சை படர ஒரு பருவமழை போதும்.

இப்போது அந்த மவுண்ட். தொலைநோக்கியைத் தாங்கிக்கொண்டு, பூமி சுழலும் வேகத்திற்கு ஈடாக அதை மேற்கே திருப்பிக்கொண்டிருப்பதுதான் இதன் வேலை. அதற்கு அதன் முதன்மை அச்சு, வானம் சுற்றுவதாகத் தெரியும் மையப் புள்ளியான வான் துருவத்தை நோக்க வேண்டும். அதாவது அச்சின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் அது 40, 50 பாகை. ஈசூனில் ஒன்றரைப் பாகைகூட இல்லை. அச்சு ஏறக்குறைய படுத்துக் கிடக்க வேண்டும். எனக்கு வந்த மவுண்ட்டின் சாய்வு அளவுகோலில் 0 முதல் 90 வரை அழகாக அச்சிட்டிருந்தார்கள். இறக்கிப் பார்த்தபோது 15 பாகைக்குச் சற்று மேலேயே திருகு உடலில் முட்டி நின்றுவிட்டது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, முக்காலியைச் சாய்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாய்த்தேன். வடக்குக் காலை முழுவதும் சுருக்கி, மற்ற இரண்டையும் நீட்டி, எடை முழுவதும் வடக்கே தலைகவிழ்ந்து நிற்க, அதன் மேல் ஐந்து கிலோ குழாயையும் எதிர்எடையையும் ஏற்றினேன். ஒரு நிறுத்தக் கோட்டிற்குள் கார் நுழைவதற்கு வழிவிடலாம் என்று நான் லேசாகத் தள்ளியதில் மொத்தமும் சாயத் தொடங்கியது. முழங்காலை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். வடு இன்னும் இருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சு படுத்துவிட்டால், எதிர்எடைத் தண்டு நேர் கீழே தொங்கும் தொடக்க நிலையில் அது வடக்குக் காலில் போய் இடிக்கிறது. இரண்டு மாதம் போராடிய பிறகு ஒரு மூத்த ஆர்வலர் காட்டிய வழி எளிமையானது: முக்காலியின் தலையைத் திருப்பி, வடக்கே ஒரு காலுக்குப் பதில் இரண்டு கால்கள் வருமாறு வைத்துவிட்டால், எடை அவற்றுக்கு இடையே உள்ள வெளியில் ஊசலாடும்; தலைகவிழும் பயமும் குறையும். இதைக் கையேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? கையேடு தொடக்கம் முதல் முடிவு வரை துருவ நட்சத்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அச்சின் துளை வழியாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிலைநிறுத்துக என்கிறது. நமக்கு அது அடிவானத்திலிருந்து ஒன்றரைப் பாகை உயரத்தில், எதிர்ப்புளோக்கின் மூன்றாவது மாடிக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. திருமண மேடையில் பட்டப்பகலில் அருந்ததியைக் காட்டும்போது எல்லாரும் தலையாட்டுவோமே, அதுபோல நானும் சில இரவுகள் அந்தச் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன். பிறகு நீனா என்ற இலவச மென்பொருளின் துணைநிரல் ஒன்று கைகொடுத்தது. வானத்தில் தெரியும் ஏதோ ஒரு திசையில் மூன்று படங்கள் எடுத்து, அவற்றில் உள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு பிசகியிருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. துருவ நட்சத்திரம் தேவையே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மவுண்ட்டை நான் வைத்துக்கொள்ளவில்லை. எதிர்எடை தேவைப்படாத, 0 பாகை வரை உண்மையாகவே இறங்கும் ஹார்மோனிக் பற்சக்கர மவுண்ட் ஒன்றுக்கு மாறினேன். ஐந்து கிலோ எடைதான். ஒரு தோள்பையில் அடங்கி, மின்தூக்கியில் ஒரே நடையில் ஏறிவிடுகிறது. அதன் பற்சக்கரங்கள் இயல்பாகவே கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளாடும் என்பதால், வழிகாட்டிக் கேமரா ஒன்று விநாடிக்கு ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது இல்லாமல் இதை வாங்கக் கூடாது. விலை, குழாயின் விலையைப்போல் பல மடங்கு. குழாய் ஒரு நடுத்தரக் கைத்தொலைபேசியின் விலைக்குள் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் பெரிய பெட்டிக்கான அனுப்புச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மலிவான குழாயால் பணத்தைச் சேமித்துவிட்டு மவுண்ட்டுக்குச் செலவிடுவது தலைகீழ் கணக்காகத் தோன்றலாம். படம் எடுப்பவருக்கு அதுதான் சரியான கணக்கு.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோனி ஐஎம்எக்ஸ் 533 உணரி கொண்ட, குளிரூட்டும் வண்ணக் கேமரா. 3008-க்கு 3008 படப்புள்ளிகள், ஒவ்வொன்றும் 3.76 மைக்ரான். இந்தக் குழாயில் ஒரு படப்புள்ளி வானத்தில் ஏறத்தாழ ஒரு விகலையை (பாகையின் 3,600-இல் ஒரு பங்கை) பார்க்கிறது. மொத்தப் படமும் 52 கலைக்குச் சதுரம்; ஒரு கலை என்பது பாகையின் 60-இல் ஒரு பங்கு. முழுநிலவு அரைப் பாகை என்பதை நினைவில் வைத்தால், ஒமேகா சென்டாரி தன் 36 கலை விரிவோடு சட்டத்திற்குள் கச்சிதமாக உட்காரும். வெளியே வெப்பம் 28 பாகை இருக்கும்போது உணரியை 0 பாகைக்குக் குளிர்வித்தால் போதும். இன்னும் கீழே இறக்கினாலும், வான வெளிச்சம் படத்தில் புள்ளிபுள்ளியாகக் கிளப்பும் இரைச்சலுக்கு முன்னால் அந்த லாபம் கண்ணுக்குத் தெரியாது.

வடிகட்டி விற்பவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஒளிமாசுக்கு மருந்து என்று என்னிடம் ஓர் இரட்டைக் குறுகலைவரிசை வடிகட்டியையும் தலையில் கட்டினார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உமிழும் இரண்டு மெல்லிய நிறப்பட்டைகளை மட்டும் அது உள்ளே விடும். விண்முகில்களுக்கு அது அமுதம். கோளக் கொத்தில் இருப்பவை விண்மீன்கள். அவை எல்லா நிறத்திலும் ஒளிர்பவை. வானத்தை இருட்டாக்கும்போதே விண்மீனையும் அதே அளவு இருட்டாக்கி, நிறத்தையும் தின்றுவிடுகிறது. பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சளைத் தடுக்கும் வடிகட்டிகளுக்கும் இப்போது பெரிய வேலை இல்லை. நம் தெருவிளக்குகள் எல்ஈடிக்கு மாறி எல்லா நிறத்தையும் கொட்டுகின்றன. அகச்சிவப்பையும் புறஊதாவையும் வெட்டும் சாதாரண வடிகட்டி ஒன்று போதும்.

முதலில் எந்தக் கொத்தைப் படம் எடுப்பது என்று கேட்பவர்கள் ஒமேகாவைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான் எம் 5 என்பேன். பாம்பு மண்டலத்தில் உள்ள இதை ஜெர்மானிய வானியலாளர் காட்ஃப்ரீட் கிர்ச் 1702-இல் கண்டார். தொலைவு ஏறத்தாழ 24,500 ஒளியாண்டு. அதன் வானச் சாய்வு (வானத்தில் அளக்கும் அட்சரேகை) 2 பாகை வடக்கு என்பதால், ஈசூனில் அது உச்சியை ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் கடந்து போகிறது. உச்சிதான் நம் வானத்திலேயே இருட்டான இடம். நகரத்தின் வெளிச்சம் அடிவானத்தைச் சுற்றித் தேங்கி நிற்க, மேலே பார்க்கும்போதுதான் காற்றும் மெல்லியதாக, தூசும் குறைவாக இருக்கிறது. மே மாத நடுவில் பின்னிரவு ஒரு மணியளவில் அது அங்கே வந்து சேரும்.

அப்படிப்பட்ட ஓர் இரவில் 15 விநாடிக்கு ஒன்றாக 240 படங்கள் எடுத்தேன்; கூட்டினால் ஒரு மணி நேரம், கோப்புகள் நான்கு ஜிகாபைட்டுக்கு மேல். ஏன் நீண்ட ஒரே படமாக எடுக்கவில்லை என்று கேட்கலாம். 30 விநாடியைத் தாண்டினால் நம் வானம் பாலாகப் பொங்கிவிடுகிறது. கொத்தின் நடுவில் உள்ள விண்மீன்களும் வெளுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குறுகிய படங்களைப் பல நூறு எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப இரைச்சல் அடங்குகிறது. விமானம் குறுக்கே போன படத்தைத் தூக்கி எறிந்தாலும் 15 விநாடிதான் நட்டம். செம்பவாங், சிலேத்தார் என்று சுற்றிலும் விமானத் தளங்கள் இருக்கும் ஈசூனில் இது சிறிய ஆறுதல் அன்று.

வேலை முடிந்து காரை நிறுத்த வந்த பக்கத்துப் புளோக் அக்கா ஒருவர், நிலா இல்லாத வானத்தை நோக்கி நிற்கும் குழாயைப் பார்த்து, "நிலாவைத்தான் காணோமே தம்பி, இதை வச்சு என்ன பாக்குறீங்க?" என்றார். மடிக்கணினியில் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்த படத்தைக் காட்டினேன். "கோலப்பொடி டப்பா கவுந்த மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவும் நட்சத்திரம், ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கும் அக்கா என்றதும், அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏமாத்தலையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவருடைய ஐயத்திற்கு விடை அதே இரவில் கிடைத்திருந்தது. பத்தரை மணியளவில் எடுத்த அரைமணிப் படங்களையும் இரண்டரை மணிக்குப் பிறகு எடுத்தவற்றையும் தனித்தனியாக அடுக்கி, இரண்டையும் திரையில் மாற்றி மாற்றிக் காட்டியபோது, கொத்தின் ஓரங்களில் சில விண்மீன்கள் கண்சிமிட்டின. ஆர்ஆர் லைரே வகை விண்மீன்கள் அவை. அரை நாளை ஒட்டிய காலச் சுழற்சியில் வீங்கிச் சுருங்கி ஒளி கூடிக் குறைபவை. எம் 5-இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை உண்டு. அவற்றின் ஒளியளவு 15-ஐ ஒட்டியது; இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல். ஒளி மாறும் இத்தகைய விண்மீன்களைக் கொண்டு கோளக் கொத்துகளின் தொலைவைக் கணக்கிட்டுத்தான் வானியலாளர் ஹார்லோ ஷேப்லி 1918-இல், சூரியன் பால்வீதியின் நடுவில் இல்லை என்று காட்டினார். ஒரு கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், ஆறு அங்குலக் கண்ணாடியில், உலகின் மிக வெளிச்சமான இரவு வானங்களில் ஒன்றின் கீழ் அந்தத் துடிப்பைப் பிடிக்க முடிகிறது என்பதற்காகவே இந்தக் குழாய்க்கு நான் கொடுத்த பணம் தகும்.

உச்சியிலும் மவுண்ட் ஒரு குறும்பு செய்யும். கொத்து நடுவானத்தைக் கடக்கும்போது மவுண்ட் குழாயை மறுபக்கத்திற்குப் புரட்டிக்கொள்ள வேண்டும். நேர்மேலே நிமிர்ந்து நிற்கும் 70 சென்டிமீட்டர் குழாயின் அடிப்பகுதி அந்த நேரத்தில் முக்காலிக் காலில் உரசும். முக்காலிக்கும் மவுண்ட்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் நீட்டிப்புத் தூண் ஒன்றைப் பொருத்திய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒமேகா சென்டாரியைக் கண்டுபிடிக்க வரைபடம் வேண்டாம். அது சித்திரை நட்சத்திரத்திற்கு ஏறக்குறைய நேர் தெற்கே, 36 பாகை கீழே இருக்கிறது. சித்திரை தன் உச்ச உயரத்திற்கு வரும் நேரமே ஒமேகாவும் தன் உச்ச உயரமான 41 பாகையைத் தொடும் நேரம். தமிழ்ப் புத்தாண்டையொட்டிப் பின்னிரவு ஒரு மணிக்கும், மே நடுவில் இரவு பதினொன்றுக்கும், ஜூன் நடுவில் ஒன்பது மணிக்கும் இது நிகழும். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி விண்மீன்களாம். 2024-இல் ஹபிள் படங்களைக் கொண்டு அதன் நடுவில் விண்மீன்கள் ஓடும் வேகத்தை அளந்தவர்கள், குறைந்தது 8,200 சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை அங்கே ஒளிந்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். வடக்கே குடியிருக்கும் எனக்கு அதில் ஒரு வருத்தம்: தெற்கு வானம் என்றால் ஆர்ச்சர்ட் முதல் மரீனா வரையிலான நகரம் முழுவதன் வெளிச்சத்திற்கும் மேலே பார்ப்பது. பின்னணி மேலிருந்து கீழாக ஆரஞ்சாக மாறிக்கொண்டே போகும். அதைச் சமப்படுத்தும் மென்பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டால், கொத்தின் மெல்லிய வெளி ஒளிவட்டத்தையும் ஒளிமாசு என்று எண்ணிக் கழித்துவிடும். ஒமேகா பாதியாகச் சுருங்கிவிடும். கொத்தைச் சுற்றி அகலமான வட்டம் ஒன்றை விலக்கிவிட்டு, சிரில் மென்பொருளில் மாதிரிப் புள்ளிகளை நானே கையால் வைத்துக்கொள்கிறேன். நடுப்பகுதிக்கு ஐந்து விநாடிப் படங்கள் நூறு தனியே எடுத்துக் கலந்தால், மஞ்சள் கலந்த சிவப்புப் பெருமீன்களும் அவற்றுக்கு இடையே நீலப் பொட்டுகளும் தனித்தனியாகத் தெரியும். குழாயின் தாங்குகம்பிகளால் பெரிய விண்மீன்களுக்கு நான்கு கூர்முனைகள் முளைப்பது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

மற்றவற்றில் கேட்டைக்குப் பக்கத்தில் உள்ள எம் 4 தளர்ந்த கொத்து என்பதால் எளிதாகப் பிரிகிறது; தனுசில் உள்ள எம் 22 வெகு நன்றாக வருகிறது; எம் 13 வடக்கே ஜொகூர் பாருவின் வெளிச்சத்திற்கு மேலே 55 பாகையில் நின்று ஓரளவு நன்றாகவே வருகிறது. 47 டுகானேதான் தோல்வி. அழகில் ஒமேகாவுக்கு அடுத்தது என்பார்கள். இங்கே அது 16 பாகைக்குச் சற்று மேல்தான் ஏறுகிறது, அதுவும் ஆண்டிறுதியில், வடகிழக்குப் பருவமழை மாலைகளைத் தின்னும் காலத்தில். மூன்று முறை முயன்றதில் ஒருமுறை கிடைத்தது, வெந்நீருக்கு மேலே பார்த்ததுபோல் நெளிந்த படம். ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாள் மழை பெய்யும் ஊரில், மீதி இரவுகளிலும் பாதிக்கு மேல் முகில்தான். கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும்.

இவ்வளவு திருகும் கம்பியும் வேண்டாம், கைத்தொலைபேசியில் தொட்டால் படம் வர வேண்டும் என்பவர்களுக்கு 50 மில்லிமீட்டர் அளவில் தானியங்கித் தொலைநோக்கிகள் வந்துவிட்டன. தாழ்வாரத்திலேயே வைத்துவிடலாம், ஒமேகா அதிலும் அழகாக விழும். ஆனால் எம் 5-இன் நடுப்பகுதி அதில் ஒரு மாவுருண்டைதான். அதை உதிர்த்துப் பார்க்க விட்டம் வேண்டும்.

தொகுப்பில் வந்த அந்த மவுண்ட்டை மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். அங்கே அச்சு 38 பாகையில் நிற்பதால் திருகும் முட்டவில்லை, எடையும் இடிக்கவில்லை, ஒரு குறையும் இல்லை என்கிறார். 47 டுகானே அவருக்கு ஆண்டு முழுவதும் மறைவதே இல்லையாம். படங்களை அடிக்கடி அனுப்பி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார். போன மாதம் எம் 13 எப்படி வருகிறது என்று கேட்டேன். 16 பாகை உயரத்தில், பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே, வெந்நீருக்கு மேலே பார்த்ததுபோல் நெளிகிறது என்றார்.